‘செய்து பார்த்தேன்’ சிஸ்டர்

“வீட்ல எத்தனை பேரு?” என்று கேட்டுவிட்டு, நோயாளியின் கடைவாயில் உறிஞ்சு குழாயை மாட்டுகிறாள் சிஸ்டர். வாய் நிறையப் பஞ்சும், நாக்கின் மேல் கண்ணாடியும், உதட்டோரம் டாக்டரின் கட்டைவிரலுமாக மல்லாந்து கிடக்கும் அந்த மனிதர் “ஆ… ஊ…” என்கிறார். “நாலு பேரா? போதும், அளவான குடும்பம்” என்று பதிலையும் அவளே சொல்லிக்கொள்கிறாள். “பெரியவன் படிக்கிறானா?” மறுபடி ஒரு “ஊ.” “படிப்பான், படிப்பான். அப்பா இவ்வளவு பொறுமையா படுத்திருக்கீங்களே, அந்தக் குணம் பிள்ளைக்கு வராமலா போகும்?” டாக்டர் தலை நிமிராமலே சொல்வார்: “சிஸ்டர், அவருக்கு மரத்துப்போகலாம். எனக்கு மரத்துப்போகக் கூடாது.”

அவள் நர்ஸ் படிப்புப் படித்தவள் அல்ல. பல் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, கேட்கும் முன்பே கருவியை எடுத்து நீட்டி, எச்சிலை உறிஞ்சி, விளக்கைத் திருப்பி, அழுகிற பிள்ளையை அதட்டாமல் அடக்குவதுதான் வேலை. சேர்ந்த அன்று வந்த முதல் நோயாளி “சிஸ்டர்” என்று கூப்பிட்டுவிட்டார், ஒட்டிக்கொண்டது. வீட்டில் கணவர்கூட வாக்குவாதத்தில் தோற்றுப்போகும்போது “சரிங்க சிஸ்டர்” என்றுதான் எழுந்து போவார். ஆள் குள்ளம். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நிற்பாள். எல்லோரிடமும் இனிப்பைக் குறைக்கச் சொல்லுவாள். அவளுடைய பச்சை மேலங்கியின் பையில் எப்போதும் மிட்டாய் கிடக்கும். முகம் மறந்துபோகும், பல் மறக்காது. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பாள். அவர் சிரித்த பிறகுதான், “அட, கீழ் வரிசை கோணல்! எப்படி இருக்கீங்க?” என்பாள்.

இப்படிப்பட்டவள் வலைப்பூ எழுதப் போனதற்குக் காரணம், காலையில் கண் விழித்ததும் கைபேசியில் வந்து குவிகிற பொன்மொழிகள். உதிக்கிற சூரியன், அதற்குக் கீழே ‘கோபம் உன்னையே கொல்லும்’. ஒரு ரோஜா, ‘கொடுப்பவனே பெறுகிறான்’. ஒருநாள் கருவிகளை ஸ்டெரிலைசரில் அடுக்கிக்கொண்டே புலம்பினாள். “எங்க சின்ன மாமனார் காலையில ‘கோபம் கொல்லும்’னு அனுப்புறாரு. அனுப்பின கையோட பேப்பர் போடுறவர்கிட்ட சண்டைக்கு நிக்கிறாரு. இத அனுப்புறவங்கள்ல ஒருத்தராவது செஞ்சு பாத்துட்டு அனுப்புறாங்களா?”

ரிசப்ஷனில் உட்காரும் பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க செஞ்சு பாத்துட்டு எழுதுங்களேன், சிஸ்டர். நான் பக்கம் தொடங்கித் தரேன்.” மத்தியானச் சாப்பாட்டுக்குள் பக்கம் தயாராகிவிட்டது. பெயர் ‘செய்து பார்த்தேன்’. ஒவ்வொரு முறையும் ஒரு பாடம். சொல்வதோடு நிற்காமல் அதைச் செய்து பார்த்து, என்ன ஆயிற்று என்று ஒளிக்காமல் எழுதுவது.

முதல் பாடம், ‘குறுக்கே பேசாதே’. அவள் கணவர் குழாய்ச் சாமான் கடையில் விற்பனை பார்ப்பவர். ஒழுகாத குழாயை ஒழுகுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்த ஒரு வாடிக்கையாளரின் கதையை அன்று சாப்பிடும்போது தொடங்கினார். சிஸ்டர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டாள். பாதிக் கதையில் அவர் நிறுத்திவிட்டார்.

“உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லையே.”

“அப்புறம் ஏன் பேசாம இருக்க?”

“கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“யாரு, நீயா?” என்று அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

‘இத்தனை வருட வாழ்க்கையில் என் கணவர் ஒரு கதையை முடித்தது அன்றுதான்’ என்று அவள் பதிவை முடித்திருந்தாள். படித்தவர்கள் சிரித்தார்கள். அடுத்து ‘முதலில் நீ சிரி’. பேருந்தில் எதிரே இருந்தவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் தன் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துவிட்டு வேறு இருக்கைக்கு மாறிவிட்டார். ஒரு மூதாட்டி மட்டும் பதிலுக்குச் சிரித்தாள். ‘மேல் வரிசை கட்டிய பல். நல்ல பொருத்தம்’ என்று எழுதினாள். பிறகு ‘பயன்படாததைக் கொடுத்துவிடு’. கணவரின் பழைய செருப்பைக் கொடுத்துவிட்டாள். அது பழைய செருப்பு அல்ல, பிடித்த செருப்பு என்பது அவர் தேடும்போதுதான் தெரிந்தது. “அடுத்த பாடம் என்னன்னு முன்கூட்டியே சொல்லிடு. என் சாமானையெல்லாம் கடையில கொண்டுபோய் வச்சிக்கிறேன்” என்றார்.

நாலு பேர் படித்தது நானூறு பேராகி, அதற்கும் மேலே போயிற்று. ஈறு வீங்கி வந்த ஒரு டீச்சரம்மா, நாற்காலியில் சாய்வதற்கு முன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க எழுதினதப் படிச்சிட்டுத்தான், சிஸ்டர், எங்க மாமியாரோட நான் பேச ஆரம்பிச்சேன்.” சிஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. அன்று முழுவதும் யாரிடமும் கேள்வி கேட்காமல், ஒரு சின்னப் புன்னகையோடு எச்சில் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

அந்தக் குளிர்ச்சி ஒரு மனிதரை என்ன செய்யும் என்பது கூட இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். டாக்டர், பல் செட் செய்து தரும் லேப்காரரோடு போனில் எரிந்து விழுந்தால், இதை எந்தப் பாடத்தில் சேர்க்கலாம் என்று இவள் மனம் கணக்குப் போடும். பிள்ளையின் பல்லைப் பிடுங்கும்போது தாய் வெளியே போய் அழுதால், தண்ணீர் கொடுப்பதற்கு முன் அந்த அழுகையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். ரிசப்ஷன் பெண் ஒருமுறை தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவள், நடுவில் நிறுத்தி, “சிஸ்டர், இது எழுதறதுக்கு இல்ல” என்றாள். “சேச்சே!” என்றாள் சிஸ்டர். ஆனால் முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது.

‘மன்னிப்புக் கேட்பதைப் பற்றி எழுதுங்களேன்’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சிஸ்டர் உடனே கணவரிடம் செருப்புக்காக மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள். “அட, போ” என்றார் அவர். அதை வைத்துக்கொண்டு இரண்டு வரிகூட எழுத முடியாது. ஊன்றி எழுத, கொஞ்சம் பெரிய குற்றமாக வேண்டியிருந்தது. யோசித்துப் பார்த்தாள். இருந்தது ஒன்று.

அவளுக்கு ஒரே ஓர் அக்கா. சோபா செய்யும் பட்டறையில் உறை தைப்பவள். ஊசி குத்திக் குத்தி, விரல்நுனிகளில் எப்போதும் பிளாஸ்டர் சுற்றியிருக்கும். அக்காவின் கணவர் ஒருநாள் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். சொந்தபந்தத்துக்குத் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஐந்து வருடத்துக்கு முன், உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில், ஏதோ அற்பமான பேச்சு முற்றி, சிஸ்டர் சொல்லிவிட்டாள்: “உன் வாய்க்குப் பயந்துதானே அத்தானே ஓடிப்போனாரு!” அக்கா இலையை விட்டு எழுந்தாள். கை கழுவிவிட்டுப் போனவள்தான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. பேசவேண்டும் என்று சிஸ்டர் நினைக்காமல் இல்லை. நினைத்து நினைத்து ஆறப்போட்டதில், அது உறைந்தே போயிற்று.

இப்போது கிளம்பினாள். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கைபேசியை எடுத்தாள். ‘பல வருடங்களாக மூடிக் கிடந்த ஒரு கதவை இன்று தட்டினேன்’ என்று கட்டைவிரல் தானாக எழுதியது. அந்தக் கதவுக்கு இன்னும் சில நிறுத்தங்கள் இருந்தன.

அக்கா கதவைத் திறந்தாள். தங்கையைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“யாரு செத்தாங்க?”

“யாரும் சாகலக்கா. மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

அக்கா கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு வழியை விட்டாள். “செருப்ப உள்ள போடு. வெளிய விட்டா காணாமப் போயிடும்.”

உள்ளே ஒரு கூடம், ஓர் அறை, துணி காயப்போடும் சின்ன பால்கனி. பட்டறையில் மிஞ்சிய துணித் துண்டுகளால் தைத்த திரைச்சீலை, ஒவ்வொரு கட்டமும் ஒரு நிறம். சிஸ்டர் எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது எதுவும் வாயில் வரவில்லை. “அன்னிக்கு நான் பேசினது பேச்சே இல்லக்கா” என்றதும் அழுகை வந்துவிட்டது. அந்த அழுகை பொய்யல்ல. பின்னால் அவளை மிகவும் குழப்பியது அதுதான்.

அக்கா டீ போட்டாள். ஆறின பிறகுதான் இருவரும் குடித்தார்கள். அக்காதான் பேசினாள், தம்ளரைப் பார்த்துக்கொண்டே.

“அவரு போனது இந்தக் கட்டடத்துல யாருக்கும் தெரியாது. ராத்திரி வேலைக்குப் போறார், விடியறதுக்குள்ள வந்து படுத்துடுவார்னு சொல்லிட்டிருந்தேன். நம்பணுமே! விட்டுட்டுப் போன சட்டையெல்லாம் இருந்தது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தண்ணியில நனைச்சுக் கொடியில காயப்போடுவேன். அழுக்கே இல்ல. இருந்தாலும் சோப்புப் போட்டுத் தொவைப்பேன், வாசனை வரணும்ல? அதுல மஞ்சள் சட்டை ஒண்ணு, பை கிழிஞ்சிருந்தது. ஆளே இல்ல, பை எதுக்கு? ஆனா கிழிஞ்சதைக் காயப்போட்டா, பொண்டாட்டி கவனிக்கலைன்னு நெனைப்பாங்க. பட்டறையிலேருந்து பச்சை நூல் கொண்டாந்து தச்சேன். சோபா தைக்கிற நூலு. அறுக்கவே முடியாது.” சிரித்தாள். “அப்புறம் வெளிநாட்டுல வேலை கெடச்சுப் போயிட்டார்னு சொல்லிட்டேன். இப்பவும் கேப்பாங்க, ‘சார் எப்ப வர்றார்?’னு. ‘அடுத்த வருஷம்’னு சொல்லுவேன்.”

“எதுக்குக்கா இவ்வளவு?”

“தெரிஞ்சா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். நீயே சொன்னியே.”

சிஸ்டர் அக்காவின் பிளாஸ்டர் சுற்றிய விரல்களைப் பற்றிக்கொண்டாள். அப்போதும், மனத்தின் ஒரு மூலை பால்கனிக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தது: மஞ்சள், பச்சை நூல், அறுக்கவே முடியாது.

அந்த வாரப் பதிவுபோல அவள் ஒன்று எழுதியதே இல்லை. அக்கா என்று எழுதவில்லை; ‘நான் காயப்படுத்திய ஒரு பெண்’ என்றுதான் எழுதினாள். ஊரோ தெருவோ சொல்லவில்லை. இந்த ஜாக்கிரதை போதும் என்று நினைத்தாள். ஆனால் சட்டையை விட மனம் வரவில்லை. மஞ்சள் நிறத்தையும், கிழிந்த பையையும், சோபா தைக்கும் தடித்த பச்சை நூலையும் ஒன்றுவிடாமல் எழுதினாள். எல்லோரும் அந்தச் சட்டையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ‘அந்தப் பச்சை நூல், அம்மா! எழுத்தென்றால் இது.’ ‘மஞ்சள் சட்டை என் கண்ணை விட்டுப் போகவில்லை.’ யார் யாரோ எடுத்து, எழுதியவர் பெயரை விட்டுவிட்டு, குழுக்களில் பகிர்ந்தார்கள். அவளுடைய சின்ன மாமனாரே, யார் எழுதியது என்று தெரியாமல், ஒரு ரோஜாப் படத்தோடு அவளுக்கே அனுப்பி வைத்தார்.

அந்த நாட்களில் அக்கா தினமும் போன் செய்தாள். விட்டுப்போன ஐந்து வருடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தங்கை நாள் முழுக்க நிற்பவள் என்று, வீட்டில் கால் நீட்டி உட்கார ஒரு திண்டு தைத்து அனுப்பினாள். பிறகு ஒருநாள் போன் வரவில்லை. சிஸ்டர் கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

மறுநாள் அக்கா கிளினிக்குக்கே வந்துவிட்டாள். நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்தாள். ரிசப்ஷன் பெண், “எந்தப் பல்லு, மேடம்?” என்று கேட்க, “பல்லு இல்ல. உங்க சிஸ்டரப் பாக்கணும்” என்றாள். சிஸ்டர் கையுறையோடு ஓடி வந்து, ஸ்டெரிலைசர் இருக்கும் சின்ன அறைக்கு அவளைக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டரின் கருவிகளுக்குக் காற்று அடைக்கும் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அக்கா அந்த இரைச்சலுக்கு மேல் கத்தவில்லை. கேட்பதற்காகச் சிஸ்டர்தான் நெருங்கி நிற்கவேண்டியிருந்தது.

“கீழ் வீட்டம்மா மேல வந்தாங்க. கையில ஒரு பாத்திரம், மூடி போட்டு, சுடச்சுட. எதுக்குங்கன்னு கேட்டேன். ‘எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே’ன்னு கண்ண தொடைக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. போன எடுத்துக் காமிச்சாங்க.”

சிஸ்டர் வாயைத் திறந்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அந்தச் சட்டை ஒரு தடவை காத்துல பறந்து அவங்க பால்கனியில விழுந்தது. அவங்கதான் கொண்டுவந்து குடுத்தாங்க. ‘இதென்ன, கயிறு மாதிரி நூல்ல தச்சிருக்கீங்க’ன்னு சிரிச்சாங்க. மறப்பாங்களா? இப்ப மாடிப்படி முழுக்க என்னைப் பாத்தா பேச்ச நிறுத்துறாங்க. ஒரு அம்மா என் தோளைத் தட்டிக் குடுத்துட்டுப் போறா. என்னை!”

“அக்கா, உன் பேரு நான் எழுதலக்கா…”

“நான் உன்கிட்டச் சொன்னேன்டி. உன்கிட்ட.” அக்காவின் குரல் அப்போதும் உயரவில்லை. “ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மன்னிப்புக் கேக்கணும்னு வந்தியா, எழுதணும்னு வந்தியா?”

பதில் சொல்ல முடியாத வாய்களுக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகியவள், தனக்கு ஒரு பதில் சொல்லத் தெரியாமல் நின்றாள். “மன்னிப்புக் கேக்கத்தான்” என்று சொல்லியிருக்கலாம். பேருந்து ஜன்னலோரம் எழுதிய அந்த முதல் வரி நினைவுக்கு வந்து குறுக்கே நின்றது. அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். விளங்கிக்கொண்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். உள்ளேயிருந்து டாக்டர், “சிஸ்டர், சக்‌ஷன்!” என்று கூப்பிட்டார்.

அன்று அவள் உறிஞ்சு குழாயை இரண்டு முறை நழுவவிட்டாள். நோயாளியிடம் ஒரு கேள்வி இல்லை.

பதிவை நீக்கினாள். நீக்கி என்ன? காற்றில் போன பஞ்சு அது. எங்கெங்கோ சுற்றி, அவளுடைய கைபேசிக்கே மறுபடி வந்து விழுந்தது. ‘மஞ்சள் சட்டைப் பதிவைக் காணோமே, சிஸ்டர்?’ என்று கேட்டு எழுதினார்கள். நாலு சுவருக்குள் இருந்த ஒருத்தியைக் கொண்டுபோய்த் தெருவில் நிறுத்தியாயிற்று. போர்த்துவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. நினைக்க நினைக்க உடம்பு கூசியது. பாத்திரம் துலக்கும்போது, எதிர் வீட்டுப் பெண் கையசைத்தால், காரணமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். கணவர் பின்னால் வந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி எட்டிப் பார்த்தார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கும் பதிவு அது. மேலே தடித்த எழுத்தில் ‘நான் உடைத்த கண்ணாடி’ என்று இருந்தது.

“இதுக்கும் தலைப்பு வச்சாச்சா?” என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். சிஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தத் தலைப்புக்கு முன்னால் இன்னும் இரண்டு தலைப்புகளை எழுதி, எடுப்பாக இல்லை என்று அழித்திருந்தாள். அது அவருக்குத் தெரியாது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவர் அவள் முதுகில் கையை வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து மூடினார். அவருக்கு மனசு சரியில்லையென்றால் செய்வது அதுதான்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், வேறொன்று எழுதினாள். தலைப்பு இல்லை.

‘மஞ்சள் சட்டைப் பதிவில் வரும் பெண் யாரும் இல்லை. எங்கேயோ ஒரு கொடியில் ஒரு சட்டையைப் பார்த்தேன். பச்சை நூல் கண்ணில் பட்டது. மீதி முழுவதும் நான் கட்டியது. செய்து பார்த்தேன் என்று சொல்லிச் செய்யாததை எழுதிவிட்டேன். நம்பியவர்கள் மன்னிக்கவேண்டும்.’

கணவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

“இதப் போட்டா, நீ இதுவரைக்கும் எழுதின ஒண்ணையும் எவனும் நம்பமாட்டான்.”

“தெரியும்.”

“செருப்ப குடுத்ததகூடப் பொய்யிம்பான்.”

“சொல்லட்டுங்க.”

அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் வெளியிட்டாள்.

காறித் துப்பாத குறை. ‘அழுத கண்ணீரைத் திருப்பிக் கொடு’ என்றார் ஒருவர். ‘பிறர் துயரத்தை விற்பவர்கள்கூடத் தேவலை, நீங்கள் இல்லாத துயரத்தை விற்றவர்’ என்று ஒருவர் நறுக்கென்று எழுதினார். சிஸ்டர் அதை இரண்டு முறை படித்தாள். தான் விற்றது எது என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் கிளினிக்கில் ரிசப்ஷன் பெண் காலையிலிருந்து நேரே பார்க்கவில்லை. கடைசியில், பதிவேட்டில் கண்ணை வைத்துக்கொண்டே, “என் சொந்தக்காரங்களுக்கெல்லாம் நான்தானே, சிஸ்டர், அனுப்பி வச்சேன்” என்றாள். ஈறு வீங்கிய டீச்சரம்மா அன்று மறுபடியும் சிகிச்சைக்கு வந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்து, விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “உங்க வீட்டுக்காரர் கதைய முடிச்சாரே, அதுவும் கட்டினதுதானா?”

இல்லை, அது நடந்தது, அத்தனையும் நடந்தது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால், சட்டையும் நடந்ததாகிவிடும்.

“நல்லாத் திறங்க, டீச்சர்” என்றாள் சிஸ்டர்.

மத்தியான இடைவேளை விட்டதும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். பதிவு எல்லோர் கண்ணிலும் படும் என்று சொல்ல முடியாது. படவேண்டியது ஒரே ஒருத்தியின் கண்ணில். அக்காவின் கட்டடத்துக்குப் போய், கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள். பருத்த உடம்பும் வெள்ளை மனசு தெரிகிற முகமுமாக ஓர் அம்மாள், மாவு கையோடு வந்து திறந்தாள். சிஸ்டர் படியிலேயே நின்று சொன்னாள். நான் மேல் வீட்டு அம்மாவின் தங்கை. பல் டாக்டரிடம் வேலை. அந்தக் கதையை எழுதியவள். அது கதை. அத்தான் வெளிநாட்டில் நன்றாக இருக்கிறார், போன் செய்கிறார். பழைய சட்டையொன்றைக் கண்டதை வைத்து நான்தான் கயிறு திரித்துவிட்டேன்.

அந்த அம்மாள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு கழுத்துவரை சிவந்தாள்.

“கட்டினதா? நான் ராத்திரி முழுக்கத் தூங்கலைம்மா அதுக்கு!”

“தப்புதாங்க.”

“மேல போயி அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே! அவங்க என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்க? புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, போயிட்டார்னு துக்கம் விசாரிச்ச மாதிரி ஆச்சே!”

“உங்க மேல தப்பு இல்லீங்க. எல்லாம் என்னாலதான்.”

“கூடப் பொறந்தவளப் பத்தி இப்படியா ஒருத்தி எழுதுவா? நாலு பேரு பாராட்டணும்னா எத வேணா எழுதிடுவியா? பல்லு டாக்டர்கிட்ட வேலைங்கிற, படிச்சவளாட்டம் தெரியுது…” அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. “நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன். அந்தப் பொம்பள பொய்க்காரின்னு சொல்லிடுறேன்.”

“சொல்லிடுங்க. அதுக்குத்தாங்க வந்தேன்” என்றாள் சிஸ்டர்.

கதவு சாத்தப்பட்டது. மாவு கை பட்ட தடம் கதவு ஓரத்தில் வெள்ளையாக நின்றது. சிஸ்டர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, மேலே படி திரும்பும் இடத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் பட்டறைப் பை. காலையில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டு, இப்போதுதான் கிளம்பியிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

அக்கா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். ஒரு படி மேலேயே நின்றுகொண்டாள்.

“போன் பண்றாராமா உங்க அத்தான்?” என்றாள் தாழ்ந்த குரலில்.

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள்.

“உள்ள வான்னு கூப்பிடமாட்டேன்.”

“வேணாங்கா.”

“மன்னிப்புக் கேக்கறப்பல்லாம் அழுதுடாத. எனக்கு எரிச்சலா வருது.”

“சரிக்கா.”

“இதையும் எழுதுவியா?”

“மாட்டேங்கா.”

அதை அக்கா நம்பியதாகத் தெரியவில்லை. நம்பவேண்டும் என்று கேட்கிற யோக்கியதை தனக்கு இருப்பதாகச் சிஸ்டருக்கும் தோன்றவில்லை. கிளினிக்குக்குத் திரும்ப நேரமாகியிருந்தது. அக்கா நகராமல், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவள் முகத்தின் பக்கவாட்டில் எதையோ பார்த்தாள்.

கிளம்பிய அவசரத்தில் முகக்கவசத்தைச் சரியாகக் கழற்றாமல் வந்திருக்கிறாள். ஒரு காதிலிருந்து அது தோள்வரை தொங்கிக்கொண்டிருந்தது, ஓரத்தில் யாருடைய ரத்தமோ ஒரு பொட்டாகக் காய்ந்து. பேருந்தில் அத்தனை பேர் நடுவிலும் அப்படியேதான் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

அக்கா கையை நீட்டி, அவள் காதில் மாட்டியிருந்த நாடாவை எடுத்துவிட்டாள். நாடாவில் சிக்கிய முடியை இழுக்காமல் மெல்லப் பிரித்தாள். ரத்தம் உள்ளே போகும்படி முகக்கவசத்தை இரண்டாக மடித்து, தன் பட்டறைப் பையில் போட்டுக்கொண்டு, தங்கையைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள்.